ஏழாம் நம்பர் ஜாய்ஸ்டிக்

அத்தியாயம் மூன்று

மேஜைக்கு அடியில் நுழைந்த நோலீன் ஹாட்ரிக் ஐந்து நிமிடமாகியும் வெளியே வரவில்லை. பழுப்புக் காலணிகள் இரண்டு மட்டும் நீட்டிக்கொண்டிருந்தன.

“பாஸ், உயிரோட இருக்கீங்களா? இல்ல, இனிமே ஆபீஸை நான் தனியா பாத்துக்கணுமா?” என்றான் தியோ.

“நாலு போல்ட்டு,” என்றது மேஜை.

“அதுங்களுக்கு என்ன?”

“நாலும் அதது இடத்துல ஒழுங்கா இருக்கு. அதுதான் இடிக்குது.”

தியோ விளாகோஸுக்கு நாற்பத்திரண்டு வயது. டாம்வொர்த்தில் பதினோரு வருடம் பீட்ஸா கடை நடத்திக் களைத்துப்போய், நோலீனின் துப்பறியும் அலுவலகத்தில் கார் ஓட்ட வந்தவன். வாய் மட்டும் களைக்கவே இல்லை. நோலீன் அவனைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவள். இன்ஷூரன்ஸ் கம்பெனியில் கள்ளக் கையெழுத்துகளைப் பிடித்துப் பிடித்தே தலை நரைத்தவள்.

அவர்கள் நின்றது ஆஸ்திரேலியப் பருத்தி ஊரான வீ வாவின் கண்காட்சி மைதானத்து ஹாலில். ஆறு மேஜை, ஆறு கம்ப்யூட்டர், ஆறு பழைய கார் சீட்டு. வியாழக்கிழமை சாயங்காலமானால் வயது வந்த ஆறு ஆண்கள் இங்கே உட்கார்ந்து இரண்டாம் உலகப் போரை மறுபடி நடத்துவார்கள். திரையில் போர் விமானம் பறக்கும். கையில் ஜாய்ஸ்டிக், காலில் பெடல். எல்லாமே ஒருவர் கையால் செய்தது.

அந்த ஒருவர் லயல் ஸ்பிரிக். ஒட்டடைக்குச்சி மாதிரி உயரம். பகலில் டிராக்டர்களுக்கு ஒயரிங் பார்ப்பார். மற்ற நேரமெல்லாம் தன் ஷெட்டில் ஜாய்ஸ்டிக் கடைவார். விளையாட்டோடு சேர்த்துக்கொள்ள அவர் எழுதிய பூமராங் போர் விமான ஆட்-ஆனைப் பின்லாந்திலிருந்து சிலி வரைக்கும் ஆட்கள் வாங்கிப் பறக்கவிட்டுக்கொண்டிருந்தார்கள்.

“ஆக்ஸ்லியோட வேலைதான் இது,” என்றார் லயல். “அவனும் கன்ட்ரோலர் செஞ்சு விக்கறான். என்னோடதைப் பிரிச்சுப் பாத்து காப்பி அடிக்கத்தான் தூக்கியிருக்கான்.”

நோலீன் முழங்காலைத் தட்டிக்கொண்டு எழுந்தாள். “ஆக்ஸ்லி வந்திருந்தா பக்கத்து மேஜையில இருக்கறதைத்தான் எடுத்திருப்பார். புத்தம் புதுசு, முழுக்க உலோகம். போனது என்ன? ஏழாம் நம்பர், நீங்க ஏழாவதா செஞ்சது. கிரிக்கெட் மட்டைக்குப் போடற ரப்பரைக் கைப்பிடியில சுத்தின பழசு.”

“நகைக்கடையில புகுந்து பெஞ்சைத் தூக்கிட்டுப் போன மாதிரி,” என்றான் தியோ.

“அதுவும் கழட்டின போல்ட்டு நாலையும் காலி ஓட்டையிலயே திரும்ப மாட்டி, முறுக்கி வெச்சுட்டுப் போயிருக்கான்.”

“நல்லா வளத்திருக்காங்க பாஸ். என் தங்கச்சி பசங்களுக்கு இவனை டியூஷனுக்கு வெக்கலாம்.”

“வளத்ததில்ல, பழக்கம். நிஜ விமானத்துல ஒரு போல்ட்டு உருண்டு பெடலுக்கு அடியில போய் மாட்டினா ஆள் செத்தான். விமானத்தோட புழங்கறவன் எதையும் அப்படியே விட்டுட்டுப் போகமாட்டான்.” அவள் லயலிடம் திரும்பினாள். “இந்த மேஜையில வழக்கமா யாரு உக்காருவாங்க?”

லயல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்ததையே மறுபடி துடைத்தார்.

“வாரிக் டூலன். பருத்திக்கு மருந்தடிக்கற பைலட். முப்பது வருஷமா என் சிநேகிதன். அவனை இதுல இழுக்காதீங்க.”

“வேற யாராவது நிஜ விமானம் ஓட்டறவங்க உங்க கூட்டத்துல உண்டா?”

“இல்ல. மத்தவங்க பல் டாக்டர், வாத்தியார், அந்த மாதிரி.” குரல் இறங்கியது. “நோலீன், ஜாய்ஸ்டிக் உடைஞ்சு வந்தாலும் பரவால்ல. உள்ள இருக்கற புரோகிராமை யாரும் திறந்து பாக்கக் கூடாது. அது ஒண்ணுதான் எனக்கு வேணும்.”

வாசல் பக்கம் ஆணியில் வருகைப் புத்தகம் தொங்கியது. நோலீன் அதை எடுத்துப் பிப்ரவரியிலிருந்து ஒவ்வொரு வியாழனாகப் புரட்டினாள். கடைசிப் பக்கத்துக்கு வந்ததும் மறுபடி முதலுக்குப் போனாள். பிறகு ஆணியில் திரும்ப மாட்டினாள்.

*

மருந்தடிக்கும் விமானத்தளம் ஊரிலிருந்து இருபது கிலோமீட்டர். இரண்டு பக்கமும் முழங்கால் உயரத்துக்குப் பருத்தி. தியோ ஒரு கையால் ஸ்டியரிங்கையும் மறு கையால் இறைச்சி பப்ஸையும் சமாளித்துக்கொண்டிருந்தான். சாஸ் சட்டையில் சொட்டியது.

“புத்தகத்துல என்ன பாத்தீங்க?”

“வாரிக்கோட கையெழுத்தை. பிப்ரவரியில காளை மாடு மாதிரி ரெண்டு வரியை அடைச்சுக்கிட்டு நிக்குது. ஜூன்ல கன்னுக்குட்டி. கடைசியா போட்டது எறும்பு.”

“சிக்கனமா இருக்காரோ என்னவோ.”

“கை சொன்ன பேச்சைக் கேக்கலன்னா எழுத்து அப்படித்தான் சுருங்கும். நான் நிறைய பாத்திருக்கேன். உடம்புல ஏதோ இருக்கு. நடுக்கமாத்தான் இருக்கணும்.”

தியோ மெல்லுவதை நிறுத்தினான். “அவர் விமானம் ஓட்டறவராச்சே.”

“அதான். லயலோட ஜாய்ஸ்டிக் கை அசையறதையெல்லாம் கோடு போட்டுக் காட்டும். கை நடுங்கினா கோடு நடுங்கும். அதை யாராவது பாத்தா லைசென்ஸ் போச்சு. அதனால சாட்சியைக் கடத்திட்டார்.”

“அப்போ கேஸ் முடிஞ்சுது. அடுத்த பப்ஸை நான் உக்காந்து சாப்பிடலாம்.”

நோலீன் பருத்தி வயலைப் பார்த்துக்கொண்டு வந்தாள். லயல் கண்ணாடியைத் துடைத்த விதம் அவளை உறுத்திக்கொண்டிருந்தது என்று தியோவுக்குத் தோன்றியது.

*

வாரிக் டூலனுக்கு அறுபத்தொரு வயது. பரந்த தோள், வெயிலில் வெந்துபோன காதுகள். மஞ்சள் விமானத்தின் நிழலிலிருந்து அவர்களை நோக்கி நடந்து வந்தார். இடது கை வீசி வந்தது. வலது கை கால்சட்டைப் பையை விட்டு வெளியே வரவில்லை.

“டீ போடட்டுமா? வெயில் கொன்னுடும்,” என்றார்.

ஹேங்கரை ஒட்டிய சின்ன அறையில் மூன்று கோப்பை வைத்தார். விருந்தாளிகளுக்குத் தளும்பத் தளும்ப ஊற்றினார். தனக்கு மட்டும் பாதி. தியோகூட அதைக் கவனித்துவிட்டான்.

நோலீன் ஜன்னல் வழியாக விமானத்தைப் பார்த்தாள். சக்கரத்துக்கு மேலே பெயின்ட் ஒரு முழ நீளத்துக்கு உரிந்திருந்தது.

“அது என்ன காயம்?”

“கலா கிளிங்க. கூட்டமா குறுக்க வந்துடும்.”

“பறவை மோதினா பள்ளம் விழும். இது நீளமா சீவியிருக்கே.”

வாரிக் டீயை ஊதினார். ஆறிப்போன டீ அது.

“ஏழாம் நம்பர் எங்க, வாரிக்?”

அவர் மழுப்பவில்லை. தலையாட்டிவிட்டு, மூலையில் போர்த்தியிருந்த துணியை விலக்கினார். மேஜையில் ஒரு கம்ப்யூட்டர். அதன் முன்னால் ரப்பர் சுற்றிய ஜாய்ஸ்டிக்.

“சீசன் முடிஞ்சதும் எடுத்த இடத்துல வெச்சுடலாம்னுதான் இருந்தேன்.”

“கேட்டிருந்தா லயலே குடுத்திருப்பாரே?”

“எதுக்குடான்னு கேப்பான். முப்பது வருஷத்துல அவன்கிட்ட நான் பொய் சொன்னதில்ல. சொல்லவும் வராது.” வாரிக் வலது கையைப் பையிலிருந்து எடுத்து மேஜைமேல் வைத்தார். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் கண்ணுக்குத் தெரியாத கோலிக்குண்டு ஒன்றை உருட்டிக்கொண்டே இருந்தன. “மார்ச்ல ஆரம்பிச்சுது. டாக்டர்கிட்ட போனா இதுக்கு ஒரு பேர் வெப்பார். பேர் வெச்சா முப்பத்தெட்டு வருஷமா பறந்தது போச்சு.”

“அதனால இதை ஒளிச்சு வெச்சுட்டீங்க.”

“ஒளிச்சா?” அவர் நிஜமாகவே புரியாமல் பார்த்தார். “ஒளிக்கறதுக்கா எடுத்தேன்? இதுதான்மா என் டாக்டர். காலையில எழுந்ததும் இங்க வந்து உக்காருவேன். அம்பது அடி உயரம், தட்டையான நிலம், பத்து நிமிஷம். கோடு நேரா வந்தா வேலைக்குப் போவேன். என்னைக்குக் கோடு நடுங்குதோ அன்னைக்கே இறங்கிடுவேன். லொரெய்னுக்கும் அதான் வாக்கு குடுத்திருக்கேன். என் பொண்டாட்டி. தினம் அழுதா. கோட்டைக் காட்டினேன். அழறதை நிறுத்திட்டா.”

“கை இப்படி ஆடுதே?”

“சும்மா இருந்தாத்தான் ஆடும். வேலை குடுத்தா நின்னுடும். பாருங்க.”

அவர் உட்கார்ந்தார். பெரிய கை ரப்பரைச் சுற்றிக்கொண்டது. திரையில் பூமராங் பறந்தது, அடியில் தரிசு நிலம் விரைந்தது. ஓரத்தில் பச்சைக் கோடு ஒன்று வரைந்துகொண்டே போனது. வேலிக் கம்பியை இழுத்துக் கட்டியதுபோல் நேர்கோடு.

ஒரு நிமிடம். இரண்டு நிமிடம். கோட்டில் ஒரு நெளிவு இல்லை.

“நான் தப்புக் கணக்கு போட்டுட்டேன்,” என்றாள் நோலீன் மெதுவாக.

அவள் அப்படிச் சொல்லி தியோ கேட்டதே இல்லை. அவனுக்கு நெஞ்சில் ஏறியிருந்த பாரம் சட்டென்று இறங்கியது. இந்த மனுஷரை அவனுக்குப் பிடித்துவிட்டிருந்தது. யாருடைய வேலையும் போகப்போவதில்லை. ஜாய்ஸ்டிக்கைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, நண்பர்கள் இரண்டு பேரும் நாலு திட்டு திட்டிக்கொண்டால் முடிந்தது.

“எழுந்திரிங்க சார், நானும் டாக்டரைப் பாக்கறேன்,” என்று அவரைத் தள்ளாத குறையாக எழுப்பிவிட்டு உட்கார்ந்தான். “என் மாமா கல்யாண வீட்டுல நாலு கிளாஸுக்கு அப்புறம் விமானம் ஓட்டினா எப்படி இருக்கும், காட்டட்டுமா?”

ஜாய்ஸ்டிக்கைப் பிடித்து, தோள் குலுங்க, கன்னம் அதிர, கிடுகிடுவென்று ஆட்டினான். மேஜை ஆடியது. டீக் கோப்பைகள் ஆடின.

கோடு நேராகவே போய்க்கொண்டிருந்தது.

தியோ சிரித்துக்கொண்டிருந்தான். அந்தச் சிரிப்பு அறையில் தனியாக ஒலிப்பதை அவனே கேட்டான். நிறுத்தினான்.

“மறுபடி ஆட்டு, தம்பி,” என்றார் வாரிக்.

“ஏதோ ஒயர் லூஸா இருக்கும் சார்—”

“ஆட்டுப்பா.”

ஆட்டினான். நேர்கோடு. மெதுவாக ஒரு பக்கம் சாய்த்தான். கோடு சொன்னபடி சாய்ந்தது. திரும்ப நேராக்கினான், நேரானது. வேகமாக நடுக்கினான். கோட்டுக்கு அது காதிலேயே விழவில்லை.

வாரிக் ஜன்னலருகே போய் நின்றார். நோலீன் போனை எடுத்தாள்.

“லயல், கிடைச்சிடுச்சு. டூலன் தளத்துக்கு வாங்க.”

“பறவை இல்லம்மா,” என்றார் வாரிக், திரும்பாமலே. “மின்கம்பி. போன செவ்வாய்க்கிழமை. பள்ளிக்கூட பஸ் போற ரோட்டுக்கு மேல. அன்னைக்குக் காலையிலயும் கோடு நேராத்தான் வந்தது. அதனால தப்பு கம்பியோடதுன்னு நெனச்சேன்.”

தியோ ஜாய்ஸ்டிக்கிலிருந்து கையை எடுத்தான். எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

*

லயலின் வண்டி இருபது நிமிடத்தில் வந்தது. வேகமாக உள்ளே வந்தவர் ஏழாம் நம்பரைப் பார்த்ததும் அப்பாடா என்று மூச்சு விட்டார். அப்புறம்தான் வாரிக்கின் முகத்தைப் பார்த்தார். விட்ட மூச்சு பாதியில் நின்றது.

“இதுல என்னடா பண்ணி வெச்சிருக்கே?” வாரிக்கின் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் தேவலாம் போலிருந்தது தியோவுக்கு.

“வாரிக்...”

“எத்தனை வரி எழுதினே?”

“பதினோரு வரி.” லயல் சுவரைப் பிடித்துக்கொண்டார். “வேகமா வர்ற ஆட்டத்தை மட்டும் விழுங்கிடும். மத்ததை விட்டுடும். இந்த ஒண்ணுல மட்டும்தான். ஏப்ரல்ல போட்டேன்.”

“ஏன்?”

“மூணு வியாழக்கிழமை தொடர்ந்து தரையில மோதினே. மூணாவது வாரம் பசங்க சிரிச்சாங்க. நீயும் சிரிச்சே. அப்புறம் வெளியில போய் வண்டிக்குள்ள தனியா உக்காந்திருந்தே. நான் ஜன்னல் வழியா பாத்தேன்டா. வலது கையை இடது கையால அழுத்திப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தே.” லயல் கண்ணாடியைக் கழற்றினார். “என்னால பாக்க முடியல. அடுத்த வாரம் நீ ஜெயிச்சே. உன் முகம் எப்படி இருந்தது தெரியுமா? விளையாட்டுதானேன்னு நெனச்சேன். விளையாட்டுல மட்டும் நீ நல்லா இருந்துட்டுப் போயேன்னு நெனச்சேன்.”

“நான் நிஜத்துலயும் பறக்கறேனே. தெரியாதா உனக்கு?”

“தெரியும். உனக்கே தெரியும்ல, நீயே பாத்துப்பேன்னு... இதை நம்பித்தான் நீ மேல போறேன்னு எனக்குத் தெரியாதுடா. கடவுள் சத்தியமா தெரியாது.”

“இதை நம்பித்தான் போனேன். தினமும்.” வாரிக் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். “உன் கையால செஞ்சது. தப்பா காட்டாதுன்னு நம்பினேன்.”

லயல் ஏழாம் நம்பரைப் பார்த்தார்.

“அந்தப் பதினோரு வரியை எடு.”

“இப்போ வேண்டாம். நாளைக்கு—”

“எடுடா.”

லயல் குனிந்து தட்டச்சு செய்தார். அவர் முதுகு அவ்வளவு கூனி தியோ பார்த்ததில்லை. அரை நிமிடத்தில் முடிந்தது. வாரிக் ரப்பரைப் பிடித்தார். ஐம்பது அடி உயரம், தட்டையான நிலம்.

கோடு ரம்பப் பல்லாக வந்தது.

அவர் பிடியை இறுக்கினார். பல் பெரிதானது. இடது கையால் வலது மணிக்கட்டை அழுத்தினார். அப்போதும் நிற்கவில்லை. நாலாவது நிமிடம் பூமராங் மூக்கைக் குத்திக்கொண்டு தரையில் விழுந்தது. திரை புகையால் நிறைந்தது. வாரிக் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பத்து நிமிடம் ஆகும்வரை கையை எடுக்கவில்லை, அது ஏதோ வாக்கு மாதிரி.

பிறகு போனை எடுத்து நம்பரை அழுத்தினார். இரண்டு தடவை தப்பாக விழுந்தது. மூன்றாவது தடவை மணி அடித்தது.

“டெஸ்மண்ட், வாரிக் பேசறேன். நாளைக்கு உன் வயலுக்கு வேற ஆளைக் கூப்பிட்டுக்கோ... இல்ல, விமானம் நல்லாத்தான் இருக்கு. ஓட்டறவன்தான் சரியில்ல.” கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தார். “ஆமாம். இந்த சீசன் மட்டும் இல்ல.”

*

மேற்கே புழுதிக் காற்று கிளம்பியிருந்தது. வெளியே நிற்கும் விமானத்தைக் கட்டியாக வேண்டும். வாரிக் கயிறுகளை எடுத்துக்கொண்டு போனார். மற்ற மூவரும் பின்னாலேயே போய், கொஞ்சம் தள்ளி நின்றார்கள்.

இடது இறக்கையைக் கட்டக் கால்மணி நேரம் ஆனது. முனை வளையத்துக்குள் போகாமல் வெளியே வெளியே நழுவியது. வலது இறக்கைக்கு இன்னும் கூட. லயல் ஓரடி முன்னால் வைத்தார்.

“தொடாதே,” என்றார் வாரிக்.

வால் பக்கம் வந்தபோது அவர் நின்றுவிட்டார். கயிற்றின் முனையை, நிமிர்ந்து பார்க்காமலே, பக்கவாட்டில் நீட்டினார்.

லயல் கை நீட்டினார்.

“நீ இல்ல. தம்பி, நீ வா.”

தியோ போனான். வாங்கினான். வாழ்நாளில் பீட்ஸா பெட்டிக்குமேல் எதையும் கட்டியதில்லை என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்தது. சொல்லவில்லை. வளையத்தில் விட்டு இழுத்து முடிச்சுப் போட்டான். வாரிக் இழுத்துப் பார்த்தார்.

“இன்னொரு சுத்து.”

இன்னொரு சுற்று சுற்றினான். வாரிக் விமானத்தின் வாலை ஒரு தரம் தொட்டுவிட்டு, தளத்தை ஒட்டிய தன் வீட்டுப் பக்கம் நடந்தார்.

“டாக்டர்கிட்ட?” என்றாள் நோலீன்.

“காலையில போறேன். உங்க ரிப்போர்ட்ல எழுத வேண்டியதை எழுதிக்கங்க.”

லயல் வழியில் நின்றார். காற்றில் சட்டை படபடத்தது. “லொரெய்ன்கிட்ட நான் சொல்றேன்டா. என்னால வந்ததுதானே? நானே சொல்றேன். அவ என்னைத் திட்டட்டும்.”

“அவ அஞ்சு மணிக்கு வருவா. அதுக்குள்ள நீ கிளம்பு.”

“வாரிக்...”

“என் கை போச்சுன்னு எனக்கு முன்னாடி உனக்குத் தெரிஞ்சுது, லயல். என்கிட்ட சொல்லணும்னு உனக்குத் தோணல. அவளுக்காவது நான் சொல்லணும்.”

வாரிக் அவரைச் சுற்றிக்கொண்டு போய் வீட்டுக்குள் நுழைந்தார். கம்பிவலைக் கதவு அவருக்குப் பின்னால் சாத்திக்கொண்டது. லயல் படிவரைக்கும் போனார். தட்டவில்லை.